கண் மட்டும் பாக்கி

இதைப் படித்து முடித்ததும் "எந்தப் படத்திலிருந்து சுட்டது?" என்று கேட்கப் போகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆதாரம் என் வலது கெண்டைக்காலில் இருக்கிறது. மயிலாப்பூர் பக்கம் வந்தால் வேட்டியைத் தூக்கிக் காட்டுகிறேன். நடந்ததைக் கொஞ்சம் குறைத்துத்தான் சொல்கிறேனே தவிர, கூட்டிச் சொல்லவில்லை.

இன்னொன்று. இதில் அமாவாசை கிடையாது. புளியமரம் கிடையாது. ஊளையிடும் நாயும் கிடையாது. எல்லாம் பட்டப்பகலில், தேனாம்பேட்டையில், நானூறு பேர் சுற்றி நடமாட, ஏசி ஓடிக்கொண்டிருந்த ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. இருட்டை எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும்.

என் பெயர் வேம்பு. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருக்கிறேன். விபத்து நடந்ததாகச் சொல்லிக்கொண்டு வருகிறவர்களின் கதையைக் கேட்டு, அதில் எது பொய் என்று கண்டுபிடிப்பது என் வேலை. இருபத்தைந்து வருஷமாகச் செய்கிறேன். என்னை யாரும் எளிதில் நம்பவைக்க முடியாது. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

என் அக்கா பெண் வர்ஷினி. பெருங்குடியில் நல்ல கம்பெனி, நல்ல வேலை. இரண்டு வருஷம் முன்பு அதை விட்டுவிட்டு, தி.நகரில் ஒரு தையல்கடைக்கு மேலே சின்ன அறை எடுத்துப் பச்சை குத்த ஆரம்பித்தாள். என் அத்திம்பேர் அனந்தராமன் அன்றைக்கு மோர் சாதத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தவர், இன்னும் மகளோடு சரியாகப் பேசவில்லை. கடைசியில் ஒரு கெடு வைத்தார். ஊருக்குள் டாட்டூ மாநாடு வருகிறதாமே, சனி ஞாயிறு இரண்டு நாள். அதில் பரிசு வாங்கிக்கொண்டு வா, நான் வாயைத் திறக்கவில்லை. இல்லையென்றால் திங்கட்கிழமை காலை பெருங்குடி.

அவர் சொன்னால் சொன்னதுதான். அவளுக்கும் அது தெரியும்.

மாநாட்டுப் போட்டியில் ஒரு முறை உண்டு. அங்கேயே, எல்லோர் முன்னாலும், இரண்டு நாளில் ஒரு பெரிய படத்தை ஓர் உடம்பில் போட்டு முடிக்க வேண்டும். ஞாயிறு சாயங்காலம் அந்த உடம்பு மேடையேற வேண்டும். கால் தருவதாகச் சொல்லியிருந்த ஜிம் மாஸ்டர் வெள்ளிக்கிழமை மாலை காய்ச்சல் என்று படுத்துவிட்டார். அடுத்த போன் எனக்கு வந்தது.

"மாமா, நீங்க ஒண்ணுமே பண்ண வேண்டாம். குப்புறப் படுத்துண்டு இருந்தா போறும்."

"என்ன படம்? பிள்ளையாரா?"

"மூஞ்சி மாமா. ஒரு தாத்தா."

"எந்தத் தாத்தா? நம்மாத்துத் தாத்தாவா?"

"இல்லை. நெட்டுல எடுத்தேன். யாருன்னு தெரியாது. மூஞ்சி பூரா சுருக்கம். சுருக்கம் நெறைய இருந்தாத்தான் ஜட்ஜ் திரும்பிப் பாப்பா."

இது அவர்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதானாம். சுருக்கம் விழுந்த கிழமுகம் கிடைத்தால் விடமாட்டார்கள். அந்தக் கிழவர் யார், இருக்கிறாரா, போய்விட்டாரா, ஒருவரும் கேட்பதில்லை. வர்ஷினி அனுப்பிய படத்தைப் பார்த்தேன். வெளிநாட்டுக் கிழவர். அடர்ந்த மீசை. வாயில் பைப். கண்ணில் சிரிப்பு.

ஆத்திலே யாருக்கும் தெரியாது, வேட்டி கட்டினால் மறைந்துவிடும் என்றாள். சரி என்றேன்.

சனிக்கிழமை காலை மண்டபத்துக்குப் போனேன். வாசலில் 'ஆதிமனிதனின் அழைப்பு' என்று ஒரு பெரிய பேனர். அதன் இரண்டு பக்கமும் முந்தின நாள் கல்யாணத்து வாழைமரங்கள், அவிழ்க்க ஆளில்லாமல். நடுவர்களுக்கு 'மணமகள் அறை' ஒதுக்கியிருந்தார்கள். வரிசையாக மேஜைகள், படுக்கைகள், குளவிக் கூட்டைக் கலைத்த மாதிரி மெஷின் சத்தம். கழுத்திலிருந்து கணுக்கால் வரை படம் போட்டுக்கொண்ட ஆட்கள் ஒருவருக்கொருவர் "உன்னோட பயணம் என்ன?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஆட்டோவில் வந்தேன் என்று சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

மாநாட்டை நடத்துபவர் பெயர் கஸ்தூரிரங்கன். அதைக் 'காஸ்' என்று சுருக்கியிருந்தார். தலையில் கொண்டை. கழுத்தில் ருத்ராட்சம், மண்டையோடு, மண்டப ஆபீஸ் சாவிக்கொத்து.

"வலிதான் சார் வழி," என்றார் என்னிடம். "வலிக்குள்ள போங்க. அங்கே நீங்க உங்களைச் சந்திப்பீங்க."

"எனக்கு அவசரமில்லை," என்றேன்.

பக்கத்து மேஜை மெஹபூப் பாஷா. ஊசி, மை, கையுறை விற்கிறவர். ராயப்பேட்டை. எங்கள் இருவருக்கும் மட்டும்தான் அங்கே உடம்பில் படம் இல்லை. அதனால் உடனே ஒட்டிக்கொண்டோம்.

"இன்னா சார், அப்பா படமா?"

"இல்லை பாஷா. யாரோ."

"யாரோவா? தெரியாத ஆளு மூஞ்சிய கால்ல போட்டுக்கினு இன்னா பண்ணப் போறீங்க?"

நியாயமான கேள்வி.

வர்ஷினி காலைச் சிரைத்து, படத்தின் கோட்டுப் பிரதியை ஒட்டி எடுத்தாள். கெண்டைக்கால் என்பதால் என்னால் பார்க்க முடியாது. கோணலாக இருக்கிறது என்று துடைத்தாள். மறுபடி ஒட்டினாள். மறுபடி துடைத்தாள்.

"சதையை இறுக்காதேள் மாமா."

"இறுக்கலை."

"பின்னே ஏன் மூஞ்சி திரும்பறது?"

மூன்றாவது தடவை ஒரு வழியாக ஒத்துக்கொண்டாள். மெஷினை எடுத்தாள். மணி பதினொன்று பத்து. ஊசி வைத்தாள்.

"ஸ்ஸ்ஸ்..."

"மாமா! இப்பவேவா?"

"நான் இல்லை," என்றேன். உண்மையிலேயே நான் இல்லை. எனக்கு வலிக்கவே இல்லை.

அதுதான் முதல் விசித்திரம். அப்போது அதை அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். மரத்துப்போகிற கிரீம் எதுவும் அவள் போடவில்லை. போட்டால் தோல் சரியாக மை பிடிக்காதாம். ஆனாலும் எனக்கு ஈ உட்கார்ந்த அளவுக்குக்கூட உறைக்கவில்லை. எதிர்ப் படுக்கையில் ஒரு பயில்வான் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நான் செய்தித்தாளில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். காஸ் வந்து பார்த்துவிட்டு மிகவும் வருத்தப்பட்டார். போட்டோ எடுக்க வேண்டும், கொஞ்சம் வலிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளுங்கள் என்றார். வைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரிக் கணக்கோடு என் மேஜைக்கு வருகிறவர்களைப் பார்த்துப் பழகிய முகம். நன்றாக வந்ததாம்.

வர்ஷினிக்குத்தான் எதுவும் சரியாக வரவில்லை.

"மூக்கு அகலமாறது மாமா."

"யாருக்கு?"

"உங்களுக்கில்லை. தாத்தாவுக்கு." டிஷ்யூவால் அழுத்தித் துடைத்தாள். "கோட்டு மேலயேதான் போடறேன். துடைச்சுப் பாத்தா வேற எடத்துல இருக்கு."

மீசை வரவில்லை. மீசைக்கான கோடுகளெல்லாம் துடைக்கத் துடைக்கக் கீழே இறங்கித் தாடையில் தாடியாகச் சேர்ந்துகொண்டன. பைப்பைக் காணோம். "ஸ்டென்சில்ல இருந்தது மாமா, நான் கண்ணால பாத்தேன்" என்றாள். நாள் முழுக்க இதே பாட்டு. எழுந்து நடந்தாள். தண்ணீர் குடித்தாள். ஊசியை மாற்றினாள். பாஷாவிடம் போய் மையை மாற்றினாள். விளக்கைத் திருப்பினாள். என்னைத் திட்டினாள். ஆடாதேள் என்றாள். நான் ஆடவில்லை என்றேன். மூச்சு விடாதேள் என்றாள்.

வருகிற போகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வி. அப்பாவா? தாத்தாவா? அப்பாவையா காலில் போட்டுக்கொண்டீர்கள்? பத்துப் பேருக்கு விளக்கம் சொல்லிப் பார்த்தேன். பதினோராவது ஆளிடம், "ஆமாம் சார், என் அப்பாதான், போதுமா?" என்று எரிந்து விழுந்தேன்.

அப்புறம் எல்லோரிடமும் அதையே சொன்னேன். சுலபமாக இருந்தது.

அன்றைக்குக் கடை கட்டும்போது காலுக்கு பிளாஸ்டிக் தாள் சுற்றி அனுப்பினாள். வீட்டுக்குப் போனேன், சாப்பிட்டேன், தூங்கினேன். ராத்திரி ஒன்றுமே நடக்கவில்லை. இந்த மாதிரி கதைக்கு இது பெரிய குறைதான். என்ன செய்வது, நன்றாகத் தூக்கம் வந்தது.

ஞாயிறு காலை. தாளைப் பிரித்தாள். போனை எடுத்தாள்.

"என்ன?"

போனில் படம் எடுத்து என் முன்னால் நீட்டினாள். பக்கத்திலேயே அந்த வெளிநாட்டுக் கிழவர் படமும் இருந்தது. இரண்டு படத்துக்கும் ஒற்றுமை என்று சொல்ல வேண்டுமானால், இரண்டும் மனிதர்கள். என் காலில் இருந்தவர் நம்மூர்க்காரர். ஒட்டிய கன்னம், மீசையில்லாத மேலுதடு, குறுந்தாடி. நெற்றி சுருங்கியிருந்தது. அது வயசுச் சுருக்கம் இல்லை. எதையோ பொறுத்துக்கொள்கிற சுருக்கம்.

"நேத்து வாய் மூடியிருந்தது மாமா," என்றாள் வர்ஷினி.

இப்போது கொஞ்சம் திறந்திருந்தது.

நான் இன்ஷூரன்ஸ்காரன். தோல் வீங்கியிருக்கும், வடிந்தால் சரியாகிவிடும் என்றேன். அவளும் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? சாயங்காலம் ஆறு மணிக்கு மேடை. மூலப் படத்தையும் காலையும் பக்கத்தில் வைத்துத்தான் மார்க் போடுவார்களாம். உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மெஷின் ஓட ஆரம்பித்தது.

ட்ர்ர்ர்ர்ர்...

அடியில் இன்னொரு சத்தம்.

முதலில் ஏசி என்று நினைத்தேன். ம்ம்ம்... ம்ம்ம்... என்று. பல்வலிக்காரன் தூக்கத்தில் முனகுவது மாதிரி. அவள் பெடலிலிருந்து காலை எடுத்தால் மெஷின் நின்றுவிடும். முனகல் மட்டும் ஒரு நொடி அதிகமாக ஓடி, பிறகு நிற்கும்.

"கேக்கறதா?"

"பக்கத்து மெஷின்," என்றாள், என்னைப் பார்க்காமல்.

பக்கத்தில் மெஷினே இல்லை. பாஷாதான் இருந்தார். அவர் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார்... தண்ணி வருது பாருங்க."

பச்சை குத்தின இடத்தில் நீர் கசிவது சகஜம். துடைத்தால் போய்விடும். ஆனால் இது கண் இருக்க வேண்டிய இடத்திலிருந்து மட்டும் வந்தது. அந்த இடத்தில் அவள் இன்னும் ஊசியே வைக்கவில்லை. முகம் போடுகிறவர்கள் கண்ணைக் கடைசிக்கு வைத்துக்கொள்வார்கள். துடைத்தாள். வந்தது. துடைத்தாள். வந்தது.

"பாவம் சார்," என்றார் பாஷா. "அழுவுறாரு."

"மை விக்கற வேலையைப் பாருங்கோ பாய்!" என்று கத்தினாள் வர்ஷினி. அவள் யாரிடமும் கத்துகிற பெண் இல்லை.

ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்கு நிறுத்தினார்கள். கீழே பந்தி. ஆதிமனிதர்கள் எல்லோரும் சாம்பார் சாதத்துக்கு வரிசையில் நின்றோம். வர்ஷினி சாப்பிடவில்லை. திங்கட்கிழமை போட்டுக்கொண்டு போக நல்ல சட்டை இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டிருந்தாளாம். அப்போதுதான் காஸ் எங்கள் பக்கம் வந்து உட்கார்ந்தார். விஷயத்தைக் கேட்டார். ஒரு அப்பளத்தை நொறுக்கினார்.

"ரெஃபரன்ஸ் போட்டோ மேட்ச் ஆகலையா? போட்டோவைத் தூக்கிப் போடும்மா! அப்பாவுக்குப் போட்டோவே கிடையாதுன்னு சொல்லிடு. மாமா நினைவிலிருந்து சொல்லச் சொல்ல நீ போட்டே. ஜட்ஜுக்கு முகம் முக்கியமில்லை, கதைதான் முக்கியம்."

"அப்பாவை ஏன் காலில் போட்டேன்னு கேட்டா?" என்றேன்.

காஸ் கண்ணை மூடினார். திறந்தார். "என்னைத் தாங்குகிறவர் அப்பா. அதனால் காலில்."

அந்த மனிதர் பொய் சொன்னால் நான்கூட பணம் கொடுத்துவிடுவேன். அவ்வளவு சுத்தம். என் அப்பா பெயராக சாம்பமூர்த்தி என்று முடிவு செய்தோம். போஸ்டாபீஸ் வேலை. போட்டோவுக்கு வெட்கப்படுவார். என் நிஜ அப்பா ரயில்வேயில் இருந்தவர், போட்டோ என்றால் தலைவாரிக்கொண்டு முதல் ஆளாக நிற்பார். அவர் என்னை மன்னிக்கட்டும்.

மறுபடி மேலே போனோம். ஊசி பட்டதும் முனகல் ஆரம்பித்தது.

இந்த முறை நிற்கவே இல்லை.

பெடலை விட்டாள். நிற்கவில்லை.

பிளக்கைப் பிடுங்கினாள். நிற்கவில்லை.

திரும்பச் சொருகினாள். "முடிச்சுடறேன் மாமா," என்றாள். "முடிச்சுட்டா எல்லாம் சரியாயிடும்."

கருவிழி போட்டாள். இமை போட்டாள். கடைசியாக ஒன்று உண்டு. கண்ணுக்குள் வெள்ளை மையால் ஒரு சின்னப் புள்ளி. விளக்கு வெளிச்சம் கண்ணில் படுகிற மாதிரி. அதை வைத்தால்தான் முகத்துக்கு உயிர் வரும் என்பார்கள்.

மணி ஐந்து நாற்பது.

இடது கண்ணில் வைத்தாள். முனகல் சட்டென்று உயர்ந்தது...

வலது கண்ணில் வைத்தாள்.

நின்றுவிட்டது.

மண்டபத்தில் அத்தனை மெஷின்கள் ஓடின. பாட்டு ஓடியது. ஆனாலும் அந்த அமைதி எனக்குக் கேட்டது. முழங்காலுக்குக் கீழே கால் ஜில்லென்று ஆனது. ஐஸ் பெட்டிக்குள் வைத்த மாதிரி.

அவள் குனிந்து பார்த்தாள்.

"மாமா... வாய் மூடிடுத்து."

பாஷா எட்டிப் பார்த்தார். தொழுகைக்கு நிற்கிறவர் மாதிரி தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டார்.

மேடை. மணமக்கள் நாற்காலிகளில் நடுவர்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு திரும்பி நின்றேன். பெரிய திரையில் என் காலைக் காட்டினார்கள். கூட்டம் 'ஓ' என்றது. காஸ் ஒலிபெருக்கியை என் வாயருகே நீட்டினார்.

"சொல்லுங்க சார். யார் இவர்?"

நான் சாம்பமூர்த்தி என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"எம் பேரு வலியுல்லா."

என் குரல்தான். பேச்சு என்னுடையது இல்லை.

"கச்சேரி ரோட்ல மெத்தக் கட. எரிச்சல் நின்னுபோச்சு. அஸ்மத்துகிட்ட சொல்லிடுங்க... நின்னுபோச்சுன்னு."

அவ்வளவுதான். வாய் என்னிடம் திரும்பி வந்தது. நாக்கில் பஞ்சு ஒட்டியிருந்த மாதிரி இருந்தது. காலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டேன். ஓடிவிட வேண்டும் போல இருந்தது.

கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது.

காஸ் நிஜமாகவே அழுதார். "மயிலாப்பூர் கால்ல ஒரு பாய்! இதுதான் சார் மெட்ராஸ்!" என்று ஒலிபெருக்கியில் கதறினார். ஒரு நடுவர் எழுந்து நின்று நெஞ்சில் கை வைத்தார். யார் அந்த வலியுல்லா, எந்த எரிச்சல், ஏன் நின்றது... ஒருவர்கூடக் கேட்கவில்லை. அந்த நேரத்தில் நான் தெலுங்கில் காய்கறி விலை சொல்லியிருந்தாலும் அழுதிருப்பார்கள்.

முதல் பரிசு வர்ஷினிக்கு.

அத்திம்பேர் அன்றைக்கே மகளிடம் பேசினார். கோப்பையைக் கையில் வாங்கிப் பார்த்தார். "பித்தளைதான்" என்றார். அவர் வாயிலிருந்து வந்த பெரிய பாராட்டு அது. மேடை வீடியோ ஊர் முழுக்கச் சுற்றியது. செவ்வாய்க்கிழமையே அடையாறிலிருந்து ஒரு பெரிய ஆள் வந்துவிட்டார். பெயர் அச்யுத். ஏதோ கம்பெனி ஆரம்பித்து விற்றவர். இறந்துபோன தன் அம்மாவின் முகத்தைக் கையில் போட வேண்டுமாம். இரண்டு தடவையாக உட்கார்ந்து முடிக்கிற வேலை. வர்ஷினி என்னிடம் போனில் சிரித்துக்கொண்டே சொன்னாள். ரொம்ப நாள் கழித்துக் கேட்ட சிரிப்பு.

புதன்கிழமை மத்தியானம் பாஷாவிடமிருந்து போன்.

"சார், அந்த வீடியோவ ஒரு அம்மா பாத்துட்டு என்கிட்ட வந்தாங்க. கச்சேரி ரோடு. உங்க கால பாக்கணும்னு சொல்றாங்க."

"பேர் என்ன?"

"அஸ்மத்துன்னிசா."

என் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. அந்தப் பக்கம் ஆயிரம் தடவை போயிருக்கிறேன். மெத்தைக் கடையைப் பார்த்த ஞாபகம் இல்லை. ஷட்டர் பாதி இறக்கியிருந்தது. உள்ளே ஐம்பது வயது சுமாருக்கு ஓர் அம்மாள். பாஷா வெளியிலேயே நின்றுவிட்டார்.

நான் வேட்டியைத் தூக்கினேன். அவர் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"எங்க அத்தா. என்னப் பெத்தவரு," என்றார். "எப்படிங்க போட்டீங்க? அவருக்கு போட்டோவே கெடையாதே. கடைசி வரைக்கும் யாரையும் எடுக்க வுடல. ஆதார் கார்டுல கீறது போட்டோவா? அது யாரு மூஞ்சினு எங்களுக்கே தெரியாது."

"எப்போது காலமானார்?" என்றேன்.

"ஞாயித்துக்கெழம."

எனக்கு உட்கார வேண்டும் போல இருந்தது. மெத்தைகளைத் தவிர அங்கே உட்கார எதுவும் இல்லை. நின்றேன்.

"நல்லாத்தான் இருந்தாரு சார். சனிக்கெழம கடையில உக்காந்துக்கினு இருந்தவரு, பதினொரு மணி வாக்குல 'ஸ்ஸ்'னு மூஞ்சிய புடிச்சுக்கினாரு. எறும்பு கடிக்குதுன்னாரு. எறும்பே இல்ல. ஊசியால குத்துறாங்க, மூஞ்சி எரியுதுன்னு ஒரே கூச்சல். டாக்டர் பாத்துட்டு ஒண்ணுமில்லன்னுட்டாரு. ராத்திரி நல்லாத் தூங்கினாரு. காலைல மறுபடியும். மத்தியானம் ஒரு மணிக்கு நின்னுச்சு. ரெண்டு வாய் சோறு சாப்பிட்டாரு. சரியாப்போச்சுன்னு நெனைச்சோம்..."

நான் கீழே சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"சாயந்தரம் எடது கண்ண பொத்திக்கினாரு. வெள்ளையா என்னமோ குத்துதுன்னாரு. அப்பறம் வலது கண்ணு. அவ்ளோதான் சார். அப்பறம் பேச்சே இல்ல."

மணியை நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். ஆறு அடிக்க இருபது நிமிஷம் இருந்ததாம்.

"மேடையில சொன்னீங்களே, எரிச்சல் நின்னுபோச்சுன்னு," என்றார். "நெசமாவா சார்? அத்தாவே சொன்னாரா?"

"ஆமாம்மா," என்றேன். "நின்றுவிட்டது என்றுதான் சொன்னார்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். எனக்கு டீ வரவழைத்தார். குடிக்க முடியவில்லை.

வெளியே வந்ததும் வர்ஷினியை அழைத்தேன். எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. ஐந்தாவது முறை எடுத்தாள். பின்னால் மெஷின் சத்தம்.

"மாமா, வேலையா இருக்கேன். அச்யுத் சார் கை."

"யார் முகம் போடறே?"

"அவர் அம்மா." குரலைத் தாழ்த்தினாள். "மறுபடியும் வர மாட்டேங்கறது மாமா. போட்டோல எழுபது வயசு மாமி. கையில சுருக்கமே நிக்கலை. கன்னம் உப்பிண்டு வரது. சின்னக் கொழந்தை மாதிரி... நாலு வயசுப் பொண்ணு மாதிரி..."

"நிறுத்து."

"கண் மட்டும்தான் பாக்கி."

"வர்ஷினி, மெஷினைக் கீழே வை!"

என் கத்தலில் கச்சேரி ரோடே திரும்பிப் பார்த்தது. மெஷின் நின்றது. அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு அவள் அழுவது கேட்டது. முனகல் வேறு ஏதாவது கேட்கிறதா என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். தெரியவில்லை. பஸ் ஹாரன்.

அடுத்த திங்கட்கிழமை அவள் தானாகவே பெருங்குடிக்குப் போனாள். யாரும் சொல்லவில்லை. மெஷினைப் பாஷாவிடமே கொடுத்துவிட்டாள். அத்திம்பேருக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. பரிசு வாங்கிய பெண் ஏன் இப்படிச் செய்கிறாள் என்று என்னைக் கேட்கிறார். கோப்பை டிவி மேல் இருக்கிறது.

அச்யுத்தை நாங்கள் விடவில்லை. கண் வைக்காதீர்கள் என்று போன் செய்தேன். நேரில் போனேன். அவர் வீட்டு வாசலில் காவலாளியோடு சண்டை போட்டேன். என் தொழிலில் நான் ஆயிரம் பேரிடம் சொன்ன வார்த்தையை அவர் என்னிடம் சொன்னார்: "நம்பற மாதிரி இல்லையே சார்." அம்மா முகம் மாறிப் போனதில் அவருக்கு வருத்தமே இல்லை. அது அம்மாவுக்குள் இருந்த குழந்தையாம். காஸ்தான் விளக்கிச் சொன்னாராம். பிறகு என் எண்ணைத் தடுத்துவிட்டார்.

எந்த ஊர், எந்தத் தெரு, யார் வீட்டுக் குழந்தை... எங்கே போய்த் தேடுவது?

நேற்று அச்யுத் தன் கையைப் படம் எடுத்துப் போட்டிருந்தார். வேறு யாரிடமோ போய் முடித்துக்கொண்டு வந்திருக்கிறார். இரண்டு கண்ணிலும் வெள்ளைப் புள்ளி பளிச்சென்று இருக்கிறது. கீழே நூற்றுக்கணக்கான பேர் எழுதியிருக்கிறார்கள்.

'அப்படியே உயிரோட இருக்கு!'